நேற்று எச்சரித்த கணினி இன்று ஏன் பேசவில்லை?

 

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் பைத்தன் மொழியைப் பழகத் தொடங்கியதும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், இந்த வரியை முதல் தரம் அடிச்சப்ப எச்சரிக்கை ஒன்னு வந்துச்சு. அதையே இரண்டாம் தரம் அடிச்சேன், ஒன்னும் வரல. அப்ப பிழை சரியாயிடுச்சா?"

சரியாகவில்லை. பிழை அதே இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. கணினி பேசாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்று கேட்டால் அதற்குப் பின்னால் எழுபது வருடத்து வரலாறு இருக்கிறது. கணினி படிக்காதவர்களும் அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. எச்சரிக்கை வந்து ஓய்ந்த பிறகு "இனிப் பயமில்லை" என்று படுத்துறங்கும் பழக்கம் பிள்ளைகளிடம் மட்டும் இல்லை. மலைக்கு அடியில் குடியிருக்கும் நம்மிடமும் இருக்கிறது. மழைக்காலம் நெருங்கும் வேளையில் இரண்டையும் சேர்த்து எழுதலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதும் செய்நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது கம்பைலர் எனும் தொகுப்பான். அது நம்மிடம் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று வழு, மற்றது எச்சரிக்கை. பெரகலயிலிருந்து வெல்லவாய போகும் நமது வீதியில் மண் விழுந்து பாதை மூடினால் பொலிஸார் குறுக்கே தடுப்புப் போடுவார்கள், வாகனம் போக முடியாது. அது வழு. அதே வீதியில் "மண்சரிவு அபாயம், அவதானம்" என்று பலகை மட்டும் நட்டிருந்தால் போகலாம், ஆனால் பார்த்துப் போக வேண்டும். அது எச்சரிக்கை. வழு வந்தால் நிரல் ஓடாது. எச்சரிக்கை வந்தாலும் நிரல் ஓடும், விடையும் வரும். அந்த விடை சரியா என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

தடுப்பை யாரும் கவனிக்காமல் விட முடியாது. பலகையைத்தான் கவனிக்காமல் விடுவோம். அதனால் எச்சரிக்கையின் வரலாறு என்பது பெரும்பாலும் மனிதர் கவனிக்காமல் விட்டதன் வரலாறாகவே இருக்கிறது.

1952இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹொப்பர் என்ற கணிதவியலாளர், கடற்படையிலும் பணியாற்றியவர், யுனிவக் கணினிக்காக முதல் தொகுப்பான் என்று பலரும் குறிப்பிடும் நிரலை உருவாக்கினார். 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோட்ரான் மொழியை வெளியிட்டது. அந்தக் காலத்தில் நிரல் எழுதியவர் கணினியைத் தொடுவதே அபூர்வம். அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கணினி அறையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். அன்று மாலையோ மறுநாளோதான் கடதாசியில் விடை வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் ஒரு நாள் போய்விடும். ஆகவே அந்தக் கடதாசியில் கணினி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஊன்றி வாசித்தார்கள். 1965இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவர்கள் சேர்ந்து வாட்ஃபோர் என்ற தொகுப்பானை எழுதினார்கள். தங்களைப் போன்ற மாணவர்களுக்குப் பிழை எங்கே என்று தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

அதே வருடங்களில் வேறொரு வழியும் பிறந்தது. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், கணினியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால் ஒரு பதில் பெறும் வழி. 1963இல் ராண்ட் நிறுவனத்தில் கிளிஃப் ஷோ உருவாக்கிய ஜொஸ் அப்படிப்பட்டது. அடித்தது அதற்குப் புரியாவிட்டால் ஒரே ஒரு சொல்தான் திருப்பிச் சொல்லும்: "ஏ?" நாம் காது கேட்காதபோது கேட்பது போலவே. 1964 மே 1ஆம் திகதி டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் மொழியை முதன்முதலாக ஓட்டினார்கள். கணிதமோ விஞ்ஞானமோ படிக்காத மாணவனும் கணினி முன் உட்கார்ந்து பழகலாம் என்ற நிலை அங்கிருந்துதான் தொடங்கியது. இன்று நமது பிள்ளைகள் பைத்தன் திரையில் ஒரு வரி அடித்து உடனே விடை பார்ப்பது அந்த வழியில் வந்ததுதான்.

இந்த உரையாடல் முறை கற்றலுக்கு மிக நல்லது. ஆனால் அதில் ஒரு குறையும் கூடவே பிறந்தது. முழு நிரலையும் ஒரே தடவையில் கொடுத்தால் தொகுப்பான் முதலிலிருந்து முடிவு வரை பார்த்து, "நீ 'கூட்டுத்தொகை' என்று ஒரு மாறியை அறிவித்திருக்கிறாய், எங்கேயும் பயன்படுத்தவில்லையே" என்று சொல்லும். ஒவ்வொரு வரியாகக் கொடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த வரியில் நீங்கள் அதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் விடலாம். வராத வரியைப் பற்றி அது என்ன சொல்லும்? ஆகவே ஒரே நிரலைக் கோப்பாகக் கொடுத்தால் ஐந்து எச்சரிக்கை வரலாம், வரி வரியாக அடித்தால் ஒன்று மட்டும் வரலாம். முரண்பாட்டின் முதல் காரணம் இது. எவ்வளவு பார்க்கிறதோ அவ்வளவுதான் எச்சரிக்கும்.

இரண்டாவது காரணம் 1978இல் வருகிறது. பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அதன் தொகுப்பான் வேகமாக மொழிபெயர்க்கும், ஆனால் அதிகம் கேள்வி கேட்காது. அதே ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் சந்தேகப்படுவதற்கென்றே தனியாக ஒரு நிரலை எழுதினார். அதன் பெயர் லிண்ட். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத்தூசி என்று பொருள். துணி நல்ல துணிதான், இந்தத் தூசியைத் தட்டிவிட்டு உடுத்து என்பது போல. 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது வெளியே வந்தது.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்தது. மொழிபெயர்ப்பவர் ஒருவர், சோதிப்பவர் ஒருவர். ஆனால் விளைவு என்ன? மொழிபெயர்ப்பு இல்லாமல் நிரல் ஓடாது, அதனால் எல்லோரும் தொகுப்பானை ஓட்டினார்கள். சோதனை இல்லாமலும் ஓடும், அதனால் நேரம் இருந்தவர்கள் மட்டும் லிண்டை ஓட்டினார்கள். எச்சரிக்கை என்பது விரும்பினால் கேட்கலாம் என்ற இடத்துக்குப் போய்விட்டது.

பிறகு வந்த தொகுப்பான்கள் லிண்டின் வேலையில் ஒரு பகுதியைத் தாங்களே எடுத்துக்கொண்டன. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி அவற்றில் பேர்போனது. அதில் "எல்லா எச்சரிக்கையும்" என்று பொருள்படும் ஒரு தெரிவு உண்டு. பெயர்தான் எல்லாம், உண்மையில் எல்லாம் வராது. மிச்சத்தை வரவழைக்க வேறு தெரிவுகள் வேண்டும். அதோடு சில எச்சரிக்கைகள் வருமா வராதா என்பது, நிரலை வேகமாக்கும் பகுதி எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. பெறுமதி கொடுக்காத மாறியைப் பயன்படுத்துகிறாய் என்ற எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக்கல் இல்லாமல் தொகுத்தால் வராதது, வேகமாக்கி மறுபடி தொகுத்தால் வரும். நிரலில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

இந்த முரண்பாடு ஒரு கட்டத்தில் பெரிய விலை கேட்டது. "இந்த வரிக்கு நிரல் ஒருபோதும் போய்ச் சேராது" என்று சொல்லும் எச்சரிக்கை ஒன்று ஜிசிசியில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது. நம்ப முடியாத எச்சரிக்கை எதற்கு என்று, 2010ஐ ஒட்டி அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததோடு இன்னொன்றும் நடந்தது. பழைய பழக்கத்தில் யாராவது அந்தத் தெரிவைக் கேட்டால், "அது இப்போது இல்லை" என்று ஜிசிசி சொல்வதில்லை. கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். கேட்டவர் காவல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

2014 பெப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தனது ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் நாம் தொடர்புகொள்வது உண்மையான தளத்தோடுதானா என்று சரிபார்க்கும் நிரலில் ஒரு வரி தவறுதலாக இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. "இங்கிருந்து முடிவுக்குத் தாவு" என்ற வரி. இரண்டாவது வரி நிபந்தனை எதுவும் இல்லாமல் தாவியதால், அதற்குக் கீழே இருந்த கடைசிச் சோதனைக்கு நிரல் போய்ச் சேரவே இல்லை. சோதனை நடக்கவில்லை, முடிவு மட்டும் "சரி" என்று வந்தது. போய்ச் சேராத வரியைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கை இருந்திருந்தால் இது அன்றே பிடிபட்டிருக்கும். கிளாங் எனும் தொகுப்பானில் அது இருந்தது, ஆனால் தனியாகக் கேட்டால்தான் வரும். "எல்லாம்" என்று கேட்டால் வராது. 2016இல் ஜிசிசியின் ஆறாம் பதிப்பு, வரியின் உள்தள்ளல் ஒன்றைக் காட்ட நிரல் வேறொன்றைச் செய்தால் எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தது, அதை "எல்லாம்" என்ற தெரிவுக்குள்ளேயே வைத்தது. விபத்துக்குப் பிறகு பலகை நடுவது உலக வழக்கம்தான்.

இப்போது பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். பைத்தன் மொழிக்கு முறையான எச்சரிக்கை ஏற்பாடு 2001இல், 2.1ஆம் பதிப்பில் வந்தது. அதை வகுத்தவர் அந்த மொழியைப் படைத்த கீடோ வான் ரொஸ்ஸம். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் எளிதானது. ஒரு வரி ஆயிரம் தடவை சுழலும் கண்ணிக்குள் இருந்தால் ஒரே எச்சரிக்கை ஆயிரம் தடவை திரையில் ஓடும், யாரும் வாசிக்கமாட்டார்கள். ஆகவே ஒரு விதி வைத்தார்கள்: ஒரே வாசகம், ஒரே வகை, ஒரே இடம் என்றால் முதல் தடவை மட்டும் சொல், பிறகு சொல்லாதே. "இடம்" என்பது கோப்பின் பெயரும் வரி எண்ணும்.

கோப்பாக எழுதும் நிரலுக்கு இது நல்ல விதி. உரையாடல் திரையில் என்ன நடக்கிறது பாருங்கள். அங்கே நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு கூற்றும் புதிதாகத் தொடங்குவதால் ஒவ்வொன்றும் முதலாம் வரிதான். காலையில் அடித்ததும் முதலாம் வரி, மாலையில் அடித்ததும் முதலாம் வரி. நம்பை எனும் கணித நூலகத்தை எடுத்து ஓர் அணியைப் பூச்சியத்தால் வகுத்துப் பாருங்கள். "பூச்சியத்தால் வகுக்கிறாய்" என்று எச்சரித்து, விடை முடிவிலி என்று காட்டும். மறுபடி வகுத்தால் எச்சரிக்கை இல்லை, முடிவிலி மட்டும் வரும். கணினியின் கணக்கில் இது ஏற்கெனவே சொன்ன விடயம். திரையை மூடித் திறந்து அடித்தால் அந்தக் கணக்கு அழிந்திருக்கும், மறுபடி எச்சரிக்கும். "சில நேரம் வருது, சில நேரம் வரல, சேர்" என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

இதே மாதிரி இன்னும் இரண்டு உண்டு. ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்பை இறக்குமதி செய்தால், பைத்தன் அதை ஒரு தடவை தொகுத்து, தொகுத்ததைச் சேமித்து வைத்துக்கொள்ளும். தொகுக்கும்போது வரும் எச்சரிக்கை அந்த முதல் தடவையோடு சரி. மறுநாள் சேமித்ததையே எடுப்பதால் தொகுப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

மற்றது பதிப்பு வித்தியாசம். டி டிரைவில் "மார்க்ஸ்" என்ற போல்டரின் பாதையை எழுதும்போது பின்சாய்கோட்டுக்குப் பிறகு ஆங்கிலத்தில் "எம்" எழுத்து வரும். அப்படி ஒரு சேர்க்கை பைத்தனில் இல்லை. 2016இல் வந்த 3.6ஆம் பதிப்பு இதைப் பிழையான வழக்கமாகக் குறித்தாலும், வழமையில் திரையில் காட்டாது. 2023இல் வந்த 3.12ஆம் பதிப்பு வெளிப்படையாகவே எச்சரிக்கும். ஆகவே ஒரே நிரல் ஒரு பாடசாலையின் பழைய கணினியில் பேசாமல் ஓடும், வீட்டிலுள்ள புதிய மடிக்கணினியில் எச்சரிக்கையோடு ஓடும். இதில் வேடிக்கை என்னவென்றால், போல்டரின் பெயர் "நேம்ஸ்" என்று இருந்தால் பின்சாய்கோட்டுக்குப் பிறகு "என்" வரும். அது "அடுத்த வரிக்குப் போ" என்ற சரியான சேர்க்கை. பாதை இரண்டாக உடைந்துவிடும், ஆனால் எந்தப் பதிப்பும் எச்சரிக்காது. எச்சரிக்கை வந்த இடத்தில் நிரல் வேலை செய்யும், எச்சரிக்கை வராத இடத்தில்தான் உடையும்.

பைத்தனை உருவாக்குபவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். "இந்த வசதியை விரைவில் நீக்கப்போகிறோம்" என்ற வகை எச்சரிக்கைகள் சாதாரணப் பாவனையாளருக்குத் தொந்தரவு என்று 2010இல், 2.7ஆம் பதிப்பில், அவற்றை மறைத்தார்கள். பிறகு நீக்கியபோது, முன்கூட்டித் தெரியவே இல்லை என்று பலர் குறைப்பட்டார்கள். 2018இல், 3.7ஆம் பதிப்பில், நேரடியாக ஓட்டும் நிரலுக்கு மட்டும் மறுபடி காட்டத் தொடங்கினார்கள். காட்டினால் தொந்தரவு, மறைத்தால் ஆபத்து. இதற்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை.

அதிகமாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் வட அமெரிக்காவில் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். அந்த இயந்திரம் "கோளாறு 54" என்பது போல வெறும் இலக்கங்களைக் காட்டும். என்ன பொருள் என்று விளங்காது, நாளாந்தம் பலமுறை வரும். இயக்கியவர்கள் ஒரு விசையைத் தட்டித் தொடர்ந்து செல்லப் பழகியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? விளக்கமில்லாமல் அடிக்கடி வரும் எச்சரிக்கை மனிதருக்குக் கற்றுக்கொடுப்பது அதைத் தட்டிவிடும் பழக்கத்தைத்தான்.

எச்சரிக்கையை வாயடைக்க வைத்த கதையும் உண்டு. 2006இல் டெபியன் இயங்குதளத்தில், சோதனைக் கருவி எச்சரிக்கிறது என்பதற்காக ஒரு குறியாக்க நூலகத்தில் சில வரிகளை நீக்கினார்கள். எச்சரிக்கை நின்றது. ஆனால் அந்த வரிகளில்தான் இரகசியத் திறவுகோல்களுக்கு வேண்டிய எழுந்தமானத்தன்மை சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2008 மே மாதத்தில் கண்டுபிடிக்கும்வரை, உலகெங்கும் டெபியன் கணினிகள் உருவாக்கிய திறவுகோல்கள் ஒவ்வொரு வகையிலும் 32,768க்குள் அடங்கிவிடும் அளவுக்குப் பலவீனமாக இருந்தன. எச்சரிக்கை நிற்பதும் காரணம் தீர்வதும் ஒன்றல்ல.

இனி நமது மலைக்கு வருகிறேன். நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தயில் மலை இறங்கியது. லயங்களும், வீடுகளும், கோவிலும், குடும்பங்களும் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பி, பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளை நமது ஊர் பார்த்தது. அந்த மலை சொல்லாமல் இறங்கவில்லை. 2005இலும் 2011இலும் அந்த இடம் குடியிருக்கத் தகுந்ததல்ல என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்த விடயம் பிறகு நாடெங்கும் பேசப்பட்டது. இரண்டு எச்சரிக்கைகளுக்கும் அந்தக் காலைக்கும் இடையில் எத்தனை மழைக்காலங்கள் ஒன்றும் நடக்காமல் கடந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் நடக்காத ஒவ்வொரு மழைக்காலமும் பழைய எச்சரிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இலேசாக்கியது. முதல் தடவை சொன்னதும் "ஏற்கெனவே சொன்ன விடயம்" என்ற கணக்கில் போய்விட்டது.

"சொல்லியும் போகவில்லையே" என்று அந்த மக்களைப் பற்றி வெளியூர்க்காரர் சிலர் அன்று பேசினார்கள். அது அநியாயமான பேச்சு. போகச் சொன்னால் எங்கே போவது? லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம், காணி அவர்கள் பெயரில் இல்லை, வேலையும் பிள்ளைகளின் பாடசாலையும் அங்கேதான். மாற்றுக் காணி இல்லாமல் "எழும்பிப் போ" என்பது, எந்த வரியைத் திருத்துவது என்று சொல்லாமல் "ஏ?" என்று கேட்ட ஜொஸ் இயந்திரத்தின் பதில் போன்றதுதான். தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் புதிய வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. எச்சரிக்கையோடு சேர்ந்து வரவேண்டிய வழி, மண் இறங்கி இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தது.

இன்று மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வருகிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இரு. 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக இரு. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறு. இது நல்ல ஏற்பாடு. ஆனால் மஞ்சள் வரும், போகும், செம்மஞ்சள் வரும், நீடிக்கும், நீங்கும். "ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்னு சொல்றாங்க" என்று கடைத்தெருவில் சிரிக்கிறோம். பைத்தன் திரையைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்வதும் இதேதான். அங்கேயும் இங்கேயும் காரணம் ஒன்றே. எச்சரிக்கை தான் அளப்பதை மட்டுமே சொல்கிறது. அது அளப்பது பெய்த மழையை. மண் குடித்து வைத்திருக்கும் நீர், வெட்டிவிட்ட சாய்வு, அடைபட்ட வடிகான், சுவரில் புதிதாக விழுந்த வெடிப்பு, இவை ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. மழை ஒரு நாள் விட்டதும் நிறம் நீங்கலாம். மலைக்குள் இருக்கும் நீர் அன்றே நீங்காது.

ஆகவே இரு தரப்புக்கும் என் வேண்டுகோள்.

பிள்ளைகளுக்கு: எச்சரிக்கை வந்தால் அதைக் கொப்பியில் எழுதுங்கள். நிரல் முடிந்தது என்று சொல்லுமுன், திரையை மூடி, புதிதாகத் திறந்து, முதல் வரியிலிருந்து முழுவதையும் ஒரு தரம் ஓட்டுங்கள். எச்சரிக்கையை நிறுத்துவதற்கு முன் அது ஏன் வந்தது என்று இரண்டு வரி எழுத முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் நிறுத்தாதீர்கள். தொழில்முறை நிரலாளர்கள் பலர் எச்சரிக்கையையே வழுவாகக் கருதும்படி தொகுப்பானுக்குக் கட்டளையிட்டு வைக்கிறார்கள். ஓர் எச்சரிக்கை இருந்தாலும் நிரல் உருவாகாது. கஷ்டமான ஒழுங்குதான், பழகினால் அதன் அருமை தெரியும்.

பெரியவர்களுக்கு: ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு கிராமத்திலும் எச்சரிக்கைக் கொப்பி ஒன்று வையுங்கள். எந்தத் திகதி, எந்த நிறம், எவ்வளவு மழை, எங்கே வெடிப்பு, எந்த ஊற்று கலங்கியது, எந்த மரம் சாய்ந்தது என்று எழுதுங்கள். உயர்தரப் பிள்ளைகள் இதைச் செய்வார்கள், அது அவர்களுக்குப் பாடமும் ஆகும். கணினி மறப்பது போல ஊர் மறக்கக்கூடாது. நிறம் நீங்கிய பிறகும் சாய்வைப் போய்ப் பாருங்கள். சிவப்பு வந்தால் எந்த வீட்டார் எந்தப் பாடசாலைக்கு, எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்தக் கோவிலுக்கு, எந்த விகாரைக்குப் போவது என்று மழைக்கு முன்பே பேசி முடிவெடுங்கள். வயதானவர்களை யார் தூக்குவது என்பதையும் சேர்த்து. ஆபத்து வலயத்தில் இருப்போரின் காணிக் கோரிக்கையை கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கொடுத்தால் ஒரு தடவைதான் கேட்கும். ஒவ்வொரு வருடமும் கொடுங்கள்.

அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கிறோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேச நமக்குச் சொல்லித்தரப்படவில்லை.

இதை உங்கள் தோட்டத்துக் குழுவில் பகிருங்கள். எச்சரிக்கைக் கொப்பி தொடங்க விரும்பும் தோட்டங்களும் இளைஞர்களும் கீழே பெயரைப் போடுங்கள், பக்கங்களை எப்படிப் பிரிப்பது என்று மாணவர்களோடு சேர்ந்து ஒரு மாதிரி தயாரித்துத் தருகிறேன். வல்ல இறைவன் நமது மலைகளையும் மக்களையும் காப்பானாக.